பிரேக் அக்காவும் இரட்டைக்கண் கேமராவும்

அவளுக்கு முறையான பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் புழங்கியது. மற்றபடி அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் முதலாளி முதல் வாசல் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவள் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற ஆசிரியர்கள் அதை ஆபத்துக்கு மிதிப்பார்கள். இவள் கருத்துச் சொல்வதற்கு மிதிப்பாள். சிக்னல் போடாமல் திரும்பினால் ஒரு மிதி. கண்ணாடி பார்க்காமல் நகர்ந்தால் ஒரு மிதி. போகிற போக்கில் கடைப் பலகையை வாய்விட்டு வாசித்தால் அதற்கும் ஒரு மிதி. வண்டி குலுங்கி நின்ற அடுத்த நொடி வாய் திறக்கும்.

"கண்ணு எங்க இருக்கு? வீட்டுல சார்ஜ் போட்டுட்டு வந்துட்டீங்களா?"

அவள் அங்கே சேர்ந்தது ஃபோன் எடுக்கத்தான். முன்னறையில் ஒரு மேஜை, ஒரு ஃபோன், சுவரில் சாலை விதிகள் அச்சடித்த பெரிய தாள். ஃபோன் அடிக்காத நேரத்தில் வேறு வேலை இல்லாததால் அந்தத் தாளைப் படித்துப் படித்து விதியெல்லாம் தலைகீழ்ப் பாடமாகிவிட்டது. ஒருநாள் வகுப்பெடுக்க வேண்டிய ஆசிரியர் வரவில்லை. மூக்குமுட்டக் குடித்துவிட்டு மைத்துனன் வீட்டு மொட்டைமாடியில் கிடக்கிறார் என்று தகவல் வந்தது. வாசலிலோ ஒரு மாணவி காத்து நிற்கிறாள். பிரேக் அக்கா சாவியை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். உரிமமா? அதுவரை ஸ்டீயரிங்கை ஈரத்துணியால் துடைத்த அனுபவம் மட்டும்தான் அவளுக்கு. அந்த வாரம் முழுக்க அவளே பாடம் எடுத்தாள். அந்த மாணவி முதல் தடவையிலேயே பரீட்சையில் தேறியதுதான் கொடுமை.

விஷயம் தெரிந்த முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, உரிமமும் எடுத்துக் கொடுத்து, ஆசிரியையாக ஆக்கினார். "ஓட்டுறது யாருக்கு வேணா வரும். இந்தக் கத்து எல்லாருக்கும் வராது" என்றார்.

இதெல்லாம் நடந்து வருஷம் பல ஆயிற்று. இப்போது அவளுக்கு ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. ஒரே மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். கணவர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். டாக்டர்களின் கிறுக்கல் எழுத்தை நாளெல்லாம் உற்றுப் பார்த்துப் பார்த்து, பேச்சு என்பது அனாவசியம் என்ற முடிவுக்கு வந்துவிட்ட மனிதர். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் இவளே பேசிவிடுவதால் அவருக்கு அந்த வகையில் ஒரு குறையும் இல்லை.

கேமரா அந்த வீட்டுக்கு வந்தது ஓரகத்தி புண்ணியத்தில்.

கணவரின் தம்பிக்குப் படம் பிடிக்கும் பைத்தியம். நிலாவைப் பிடிக்க ஒரு லென்ஸ், எறும்பைப் பிடிக்க ஒரு லென்ஸ், மனுஷர்களைப் பிடிக்க மூன்று. பையைத் தோளில் மாட்டினால் ஊருக்குப் போகிறவர் மாதிரி இருக்கும். பழைய சாமான் சந்தையில் அவர் எப்போதோ ஒரு இரட்டைக்கண் கேமராவை வாங்கி வந்து ஷோகேஸில் வைத்திருந்தார். கறுப்புத் தோல் போர்த்திய பெட்டி. முகப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். பார்க்கிறவர்கள் "அடேயப்பா" என்பார்கள், அவர் லேசாகத் தலையாட்டிக்கொள்வார். அந்தப் பெட்டியின் முழு வேலையும் அவ்வளவுதான். ஓரகத்திக்கு வருஷம் ஒருமுறை ஹாலின் நிறத்தை மாற்றாவிட்டால் தூக்கம் வராது. இந்த வருஷம் எல்லாம் வெள்ளை. வெள்ளை ஹாலில் கறுப்புப் பெட்டி கண்ணை உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பளபளப்பான தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு புருஷனோடு வந்துவிட்டாள்.

"அக்கா, உங்க வீட்டு அலமாரி வெறிச்சுனு கிடக்கே, அதான் ஆசையா கொண்டாந்தேன்."

வேண்டாத சாமான் இப்படித்தான் அந்த வீட்டுக்கு வரும் என்று பிரேக் அக்காவுக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு பீங்கான் வாத்து வந்திருக்கிறது. கேமராவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மேல்மூடி ஒரு தட்டலில் நான்கு தகடுகளாக எழும்பி நின்றது. முகப்பில் இருந்த சின்ன நெம்புகோலை இழுத்து, பக்கத்துக் குமிழை அழுத்தினாள். உள்ளே 'ச்ளிக்' என்றது. நல்ல நிலையில் இருக்கும் கதவு தாழ்ப்பாளின் சத்தம்.

"ஓடுதே!"

கொழுந்தனார் சிரித்தார். "சத்தம் வரும் அண்ணி. படம் வராது. வந்தாலும் அதுல எல்லாமே கையாலதான் பண்ணணும். வெளிச்சம் கணக்குப் போடணும், தூரம் பார்க்கணும், ஃபிலிமைச் சுத்தணும். உங்களால முடியாது. அழகா இருக்கு, வச்சுப் பாருங்க."

அவர் நல்ல மனசில்தான் சொன்னார். ஆனால் 'உங்களால முடியாது' என்று பிறரைப் பார்த்துச் சொல்லும் உரிமை அந்தக் குடும்பத்தில் யாரிடம் இருந்தது என்பதை அவர் ஒரு கணம் மறந்துவிட்டார். பிரேக் அக்காவின் வலது கால் தரையில் ஒருமுறை அழுந்தியது. ஒன்றும் நிற்கவில்லை.

அவர்கள் போனதும் கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தகடுகளுக்கு நடுவே குனிந்து பார்த்தாள். கன்னங்கரேல் என்றிருந்தது. மேல் லென்ஸில் ஒரு மூடி மாட்டியிருப்பது தெரிந்து அதைக் கழற்றினாள். மறுபடி குனிந்தாள்.

உள்ளங்கை அகலக் கண்ணாடியில் சமையலறை வந்து உட்கார்ந்திருந்தது. ஜன்னல், ஜன்னலோரக் கரண்டிகள், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் கணவர். அன்றாடம் பார்க்கும் அதே அறைதான். ஆனால் யாரோ கழுவித் துடைத்துச் சின்னதாக்கி அவள் கையில் கொடுத்தது போலிருந்தது. கணவர் வெங்காயத் தோலைப் போட இடது பக்கம் நகர்ந்தார். கண்ணாடியில் வலது பக்கம் போனார். அவள் நிமிர்ந்து நிஜக் கணவரைப் பார்த்தாள். குனிந்து கண்ணாடிக் கணவரைப் பார்த்தாள்.

"என்னங்க, அந்தப் பக்கம் போங்க."

போனார். கண்ணாடியில் இந்தப் பக்கம் வந்தார்.

"இப்ப இந்தப் பக்கம்."

வெங்காயம் முடியும்வரை அவரை அப்படியே நடக்க வைத்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

ஊரில் ஃபிலிம் கழுவுகிற ஸ்டுடியோ ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பாஸ்போர்ட் படமும் நகல் எடுப்பதுமாக ஓடிக்கொண்டிருந்த அந்தக் கடைக்காரர், இரட்டைக்கண் கேமராவைப் பார்த்ததும் செத்துப்போன உறவுக்காரரைத் தெருவில் பார்த்தவர் போல முழித்தார். பின்னறைக்குப் போய் ஒரு ரோலைத் தேடி எடுத்து வந்தார். "அகல ஃபிலிம். பன்னெண்டு படம்தான் வரும். பார்த்து எடுங்க" என்றார். எப்படிப் பார்த்து எடுப்பது என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும்.

முதல் ரோல் கேமராவுக்குள் போகவே இல்லை. படம் எதில் ஏறும் என்று தெரிந்தால்தானே மாட்ட முடியும் என்று, பால்கனி வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுற்றியிருந்த காகிதத்தை இழுத்துக்கொண்டே போனாள். இழுக்க இழுக்கக் காகிதம் வந்தது. பிறகு அதனோடு ஒட்டிக்கொண்டு மங்கல் நிறத்தில் வழவழப்பாக ஒரு நாடா வந்தது. கடைசிவரை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஓ, இதுதானா" என்று திருப்தியாகத் திரும்பச் சுற்றிவைத்தாள். அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவிலும் போட்டாள். கொழுந்தனார் கண்ணீர் வழியச் சிரிக்கும் முகங்களாக ஒரு வரிசை அனுப்பினார். மகள் மட்டும் ஃபோன் போட்டாள்.

"அம்மா, அதுல வெளிச்சமே படக்கூடாதும்மா."

"அப்புறம் வெளிச்சம் இல்லாம எப்படிடீ படம் புடிக்கிறது?"

"உள்ள போன அப்புறம் படலாம்."

"இதை அந்த ஆளு முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று அந்த இடத்தில் இல்லாத கடைக்காரரைத் திட்டினாள்.

இரண்டாவது ரோலுக்கு ஏற்பாடுகள் பலமாக இருந்தன. மாட்டுவது எப்படி என்று கணவர் தன் ஃபோனில் ஒரு வீடியோவைத் தேடி, பேசாமல் அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்தபடியே காகித நுனியைக் காலிச் சுருளின் பிளவில் செருகி, அம்புக்குறி வந்ததும் பின்கதவைச் சாத்தினாள். முதுகில் இருந்த சின்னச் சிவப்பு ஜன்னலில் 'ஒன்று' என்ற எண் வரும்வரை திருகினாள். வெளிச்சக் கணக்கும் பிடிபட்டது. லென்ஸின் துளையை எவ்வளவு திறப்பது, எவ்வளவு நேரம் திறப்பது என்று இரண்டு எண்கள். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்ட வேண்டும். வீடியோவில் இருந்தவர் அதைக் கால் மணி நேரம் விளக்கினார். அவளுக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. "அட, கிளட்சும் ஆக்சிலேட்டரும்! ஒண்ணை விடும்போது ஒண்ணை அழுத்தணும். இதுக்கா இவ்வளவு நேரம் பேசுறான்?"

பன்னிரண்டு படத்தையும் பார்த்துப் பார்த்து எடுத்தாள். கட்டடக் கூரையில் காக்கை, முதலாளி, பயிற்சிக் கார்கள் வரிசையாக, பழச்சாறு கடையில் குவித்த ஆரஞ்சு. நான்கு நாள் கழித்து ஸ்டுடியோவுக்குப் போனாள். கடைக்காரர் ஃபிலிமை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் அவர் முகம் மச்சம் உட்பட தெளிவாகத் தெரிந்தது.

"என்ன இது, ஒண்ணுமே இல்ல?"

"ஆமாங்க. கண்ணாடி மாதிரி இருக்கு. வெளிச்சம் ஒரு பொட்டுகூடப் படல." கேமராவை வாங்கிப் பார்த்தார். மேல் லென்ஸைப் பார்த்தார். கீழ் லென்ஸைப் பார்த்தார். பிறகு நகத்தால் கீழ் லென்ஸில் இருந்த கறுப்பு மூடியை மெல்லக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அது மூடி என்றே அவளுக்கு அதுவரை தெரியாது. அந்தக் கண்ணே அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

"மேல இருக்கிறது நீங்க பார்க்க. கீழ இருக்கிறதுதான் ஃபிலிம் பார்க்க. மேல தொறந்து இருந்துச்சுன்னா உங்களுக்கு எல்லாம் தெரியும். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

பிரேக் அக்கா அந்த மூடியைப் பார்த்தபடி நின்றாள். ஒரு நாளைக்கு எத்தனை பேரைக் கண் எங்கே என்று கேட்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை. வந்த நினைப்பை உடனே கீழே இறக்கிவிட்டாள்.

"இன்னொரு ரோல் குடுங்க" என்றாள்.

அந்தச் சமயத்தில் அவளிடம் ஒரு பல் டாக்டர் கற்றுக்கொண்டிருந்தார். யார் வாய்க்குள்ளும் தயங்காமல் கைவிட்டு வேரோடு பிடுங்கிப் போடுகிற மனிதர், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். மூன்று முறை பரீட்சையில் தோற்றிருந்தார். மூன்றாவது முறை பரீட்சை அதிகாரியே நடுவழியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விட்டார் என்று பள்ளியில் பேச்சு. பிரேக் அக்காவின் பிரேக் கட்டை தேய்ந்ததில் பாதி அவர் கணக்கு.

அன்று மைதானத்தில் பின்னோக்கி ஓட்டும் பயிற்சி. ஒரு மணி நேரம் அவரைக் கதறவிட்ட பிறகு, "டாக்டர், காரை ஆஃப் பண்ணிட்டு அப்படியே வெளிய வந்து நில்லுங்க. ஒரு படம் எடுக்கணும்" என்றாள். அவர் தப்பித்த நிம்மதியில் கதவோரம் போய் நின்றார். அவள் குனிந்தாள்.

டாக்டர் கண்ணாடியின் இடது ஓரத்தில் தெரிந்தார். நடுவுக்குக் கொண்டுவரக் கேமராவை இடது பக்கம் திருப்பினாள். டாக்டர் முற்றிலும் காணாமல் போனார்.

"டாக்டர், நகராதீங்க!"

"நான் நகரவே இல்லீங்களே."

மறுபடி தேடிப் பிடித்தாள். இப்போது வலது ஓரம். வலது பக்கம் திருப்பினாள். வெறும் புல்தரை. அப்புறம் ஒரு நாய்.

"எங்க போறீங்க? நில்லுங்கன்னா நிக்கணும்!"

"மேடம், நான் நின்ன இடத்துலதான் நிக்கிறேன். நீங்கதான் எதிர்ப் பக்கம் திரும்புறீங்க." டாக்டர் பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தார். மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்த ஏதோ ஒன்று அவருக்குள் மெல்லத் தலை தூக்கியது. "இடதுன்னா வலது. வலதுன்னா இடது. இதுகூடத் தெரியல?"

"என்ன சொன்னீங்க?"

"திரும்புங்க. இன்னும். இன்னும். அய்யோ, அந்தப் பக்கம் இல்லம்மா!" டாக்டர் காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். "கண்ணு எங்க இருக்கு? வீட்டுல சார்ஜ் போட்டுட்டு வந்துட்டீங்களா?"

நாய்கூட நின்று பார்த்தது. டாக்டருக்குத் தான் சொன்னது மெல்லத்தான் உறைத்தது. கடலை கையிலேயே நின்றுவிட்டது.

பிரேக் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்த சிரிப்பில் கேமரா வயிற்றில் குதித்தது. டாக்டரும் சிரித்தார், கொஞ்சம் பயத்தோடு. அந்தக் கலவரத்தில் அவள் குமிழை அழுத்தினாளா, அழுத்திவிட்டு ஃபிலிமைச் சுற்றினாளா என்பதெல்லாம் அவளுக்கே நினைவில்லை.

சுற்றவில்லை என்பது கழுவிய பிறகு தெரிந்தது. மூன்றாவது ரோலில் படம் இருந்தது. பன்னிரண்டில் ஏழு தேறியது. ஐந்து தேறாததற்கு ஐந்து காரணங்கள் இருந்தன. ஆனால் தேறியதிலேயே ஒன்று மட்டும் வேறு மாதிரி. கைநிறையக் கடலையோடு நிற்கும் டாக்டர்; அதே படத்தில், அதே டாக்டரின் தலைக்குள், அவள் அன்று மாலை எடுத்த ரவுண்டானா. நெற்றி வழியாக ஒரு பேருந்து நுழைகிறது. காதுப் பக்கமாக ஒரு தண்ணீர் லாரி வெளியே வருகிறது. மூக்கின்மேல் நின்று போலீஸ்காரர் கைகாட்டுகிறார்.

அவள் கூச்சத்தோடுதான் அதை டாக்டரிடம் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பரீட்சை அன்னிக்கு என் தலைக்குள்ள இதேதான் இருந்துச்சு" என்றார். "எனக்கு ஒண்ணு பெருசாப் போட்டுக் குடுங்க. க்ளினிக்ல மாட்டணும்."

சேதி கொழுந்தனார் வீட்டுக்கு எட்டியது. 'முடியாது' என்று சொன்ன இடத்தில் முடிந்துவிட்டது என்றால் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளுமா? அடுத்த வாரமே வந்து நின்றார்.

"அண்ணி, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை குடுங்க. நாங்க ஏரிப்பக்கம் போறோம். இந்த மாதிரி கேமராவுல நான் எடுத்தா எப்படி வருதுன்னு ஒரு ஆசை."

"எடுத்துட்டுப் போங்க தம்பி. எப்படி ஓட்டுறதுன்னு சொல்லணுமா?"

"எனக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அவள் புது ரோல் மாட்டி, எண் ஒன்று வரும்வரை சுற்றி, இரண்டு மூடியையும் கழற்றிக் கொடுத்து அனுப்பினாள். அதற்கு மேல் கேட்டால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் வெற்றிக் களையோடு திரும்பி வந்தார்.

"பன்னெண்டுதான் வரும்னாங்க? நான் எப்படியும் நாப்பது எடுத்திருப்பேன் அண்ணி. தீரவே மாட்டேங்குது! நல்ல சிக்கனமான கேமரா."

பிரேக் அக்கா கேமராவைத் திருப்பிச் சிவப்பு ஜன்னலைப் பார்த்தாள். காலையில் அவள் வைத்துக் கொடுத்த 'ஒன்று' அப்படியே சாதுவாக உட்கார்ந்திருந்தது. ஃபிலிமைச் சுற்ற வேண்டும் என்று அன்று அவளுக்கே சொன்ன மனுஷன், சுற்றும் வேலையே இல்லாத கேமராக்களில் ஊறிப்போய், ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கையால் சுற்ற மறந்துவிட்டார். அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். தான் கற்றுக்கொடுத்த ஆட்களைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு வெளியே நிற்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

கழுவி வந்தது ஒரே ஒரு படம். குடும்பத்தின் முழு ஞாயிற்றுக்கிழமையும் அதற்குள் இருந்தது. ஏரி, படகு, ஐஸ்கிரீம், மரங்கள், ஓரகத்தி நாற்பது விதமாக. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூடுபனி மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள் ஓரகத்தி.

எல்லாரும் குனிந்து தேடினார்கள். கடைசியில் பிரேக் அக்காவின் கணவர்தான் விரல் வைத்துக் காட்டினார். "இதோ, கம்மல்."

கொழுந்தனார் அதன் பிறகு அந்தக் கேமராவைப் பற்றிப் பேசவில்லை. ஓரகத்தி மட்டும் அந்த மூடுபனியைச் சட்டம் போட்டு வெள்ளை ஹாலில் மாட்டிவிட்டாள். சுவருக்குப் பொருத்தமாக இருக்கிறதாம்.

பிரேக் அக்காவின் கேமராவுக்கு எட்டாமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான்; வீட்டிலேயே இருந்தார். கணவரைப் படமெடுக்க முடியாது என்பது குடும்பத்தில் தீர்மானமான விஷயம். கேமராவைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வார். கல்யாண ஆல்பத்தில் மணமகன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தூங்குகிறார். மகள் ஃபோனைத் தூக்கினாலே இமை தானாக இறங்கிவிடும். ரேஷன் அட்டைக்குப் படமெடுக்கப் போன இடத்தில் ஒரு அம்மா இமையைக் கையால் தூக்கிப் பிடிக்கட்டுமா என்று கேட்டதுண்டு.

ஒரு மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தவர், சாப்பிட்டு முடித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அவள் சத்தமில்லாமல் கேமராவை எடுத்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அறைக்குள் வெளிச்சம் போதாது. துளையை முழுக்கத் திறந்து, வேகத்தைக் குறைத்து வைக்க வேண்டும். அந்த வேகத்தில் கை துளி ஆடினாலும் படம் கலைந்துவிடும். மூச்சைக்கூட அடக்க வேண்டும். பேச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குனிந்தாள். தூரக் குமிழை மெல்லத் திருகினாள். மங்கலாக இருந்த கணவர் மெல்ல மெல்லத் தெளிந்தார். கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். தன்னை யாரும் பார்க்கவில்லை, இவள் ஏதோ பெட்டிக்குள் விழுந்ததைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்பது போல உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சை இழுத்து நிறுத்தினாள். ச்ளிக்.

பிரிண்ட் கையில் வந்த அன்று ஸ்டுடியோ வாசலிலேயே நின்று பார்த்தாள். கறுப்பு வெள்ளையில், நரைத்த புருவத்தின் ஒவ்வொரு மயிரும் எண்ணி எடுக்கும்படி கணவர் இருந்தார். இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருந்தன. அவை கேமராவைப் பார்க்கவில்லை. கொஞ்சம் மேலே, அவளுடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. உதடு இரண்டையும் இறுக்கிச் சேர்த்திருந்தார். கன்னம் உப்பியிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் ஆளின் முகம் அது. அதுவும் இன்று நேற்று வந்த சிரிப்பு அல்ல; நன்றாகப் பழகித் தேர்ந்த சிரிப்பு.

நேரே மருந்துக் கடைக்குப் போனாள். தலைவலி மாத்திரை வாங்க நின்றவரை ஒதுக்கிவிட்டுப் படத்தைக் கல்லாமேல் வைத்தாள்.

"என்னங்க இது?"

அவர் பார்த்தார். "நல்லா வந்திருக்கு."

"அதைக் கேக்கல. எதுக்குச் சிரிச்சீங்க?"

"உச்சியில சாயம் போட விட்டுப்போச்சு உனக்கு. வட்டமா, ரூபா அளவு. பின்னாலயும் ஒண்ணு இருக்கு."

அவள் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. "எத்தனை நாளா?"

"சாயம் போட ஆரம்பிச்சதுலேருந்து."

"அதை விடுங்க. இந்தச் சிரிப்பு எத்தனை நாளா?"

கணவர் யோசித்தார். உண்மையைச் சொல்வதா, மாத்திரை எடுத்துக் கொடுப்பதா என்று யோசிப்பது போலிருந்தது. "கல்யாணம் ஆனதுலேருந்துதான்" என்றார். "நீ அந்தப் பக்கம் திரும்பிக் கத்தும்போது சிரிப்பேன். இந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள நிறுத்திடுவேன்."

தலைவலிக்காரர் தலைவலியை மறந்து நின்றார்.

பிரேக் அக்காவுக்குக் கோபம் வரும் என்றுதான் அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. இத்தனை வருஷமாக வீட்டில் தான் தனியாகப் பேசிக்கொண்டிருப்பதாகவும், எதிரே ஒரு சுவர் உட்கார்ந்திருப்பதாகவும் நினைத்திருந்தாள். பார்த்தால் அங்கே ஒரு ஆள் முதல் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்து ஒரு காட்சி விடாமல் ரசித்துக்கொண்டிருந்திருக்கிறார். படத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். அவர் வழக்கம்போல் முகத்தை மாற்றிக்கொண்டார். ஆனால் இந்த முறை கொஞ்சம் தாமதம். அவள் சிரிப்பின் வாலைப் பார்த்துவிட்டாள்.

இதனால் அவள் திருந்திவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். காரில் ஏறினால் அதே வாய்தான், அதே மிதிதான். பல் டாக்டர் ஐந்தாவது முறையில் எப்படியோ தேறி, முதல் வேலையாகத் தன் க்ளினிக் சுவரிலேயே லேசாக இடித்தார். ரோலுக்குப் பன்னிரண்டில் மூன்று நான்கு இன்னும் பாழாகத்தான் செய்கின்றன. பாழானால் கேமராவைத் திட்டுகிறாள். நன்றாக வந்தால் தன்னை மெச்சிக்கொள்கிறாள்.

போன மாதம் முதலாளி பள்ளிக்குப் புதுப் பெயர்ப் பலகை வைக்கத் தீர்மானித்தார். கூட்டுச் சாலை முனையில், எல்லாரும் பார்க்கும்படி, பெரியதாக. அதில் பிரேக் அக்காவின் படமும் வேண்டும்.

"சிரிச்ச முகமா, பார்த்தா பயப்படாம வந்து சேரணும்" என்றார்.

என் படம் என் கேமராவில்தான் என்று அவள் அடம்பிடித்தாள். அழுத்துவதற்குக் கணவரை வரவழைத்தாள். தூரம், துளை, வேகம் எல்லாவற்றையும் தானே வைத்து, கேமராவை அவர் கையில் கொடுத்து, குமிழைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்ப் பயிற்சிக் கார் பக்கத்தில் நின்றாள். பதினோரு படம் நல்ல பிள்ளையாகச் சிரித்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் குனிந்து, அழுத்தி, சுற்றி, மறுபடி குனிந்தார். பன்னிரண்டாவதுக்கு அவர் குனிந்தபோது, கேமரா வார் சரிந்து கீழ் லென்ஸுக்கு நேரே தொங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

"என்னங்க! வாரு! கீழ வாரு தொங்குது பாருங்க! அதை எடுங்க, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்! கையிலதானே இருக்கு? கண்ணு எங்க இருக்கு!"

அவர் வாரைப் பொறுமையாக ஒதுக்கினார். அவள் இன்னும் முடிக்கவில்லை. ஒரு கை இடுப்பில், மறு கை விரல் நேரே அவரைப் பார்த்து, வாய் குகை மாதிரி திறந்திருக்க, கழுத்து நரம்பு புடைத்து நின்றது. அப்போதுதான், அவசரமே இல்லாமல், கணவர் அழுத்தினார்.

பதினோரு சிரிப்பும் அடையாள அட்டைக்குப் பிடித்த படங்கள் மாதிரி இருந்தன. முதலாளி அவற்றை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாவதை எடுத்தார். பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "இதுதான். இதைத்தான் போடப்போறேன். இப்பவே தெரிஞ்சுக்கட்டும், என்ன கிடைக்கும்னு."

அவள் எவ்வளவோ கத்திப் பார்த்தாள். கத்தியதில் அவர் முடிவு இன்னும் உறுதியாகிவிட்டது.

இப்போது அந்த முனையில் சிவப்பு விழுந்தால் வண்டிகளில் நிற்கிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து அவளைத்தான் பார்க்கிறார்கள். பள்ளியில் சேர வருகிறவர்களில் பாதிப் பேர், "அந்த போர்டுல இருக்கிற அம்மாகிட்டதான் வேணும்" என்று கேட்டுச் சேர்கிறார்கள். கணவர் அதே படத்தில் சின்னதாக ஒரு பிரதி போடச் சொல்லி வாங்கி வந்து, மருந்துச் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களின் கண்ணில் படும்படி, கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறார்.